டாக்டர் கேட்டபோது நான் சொன்ன "இல்லை"

பாப்பா,

இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படி என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். தனியாகப் படிக்காதே, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. ஆளாளுக்கு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டதால்தான் நம் வீடு இந்த நிலைமைக்கு வந்திருக்கிறது. போன திங்கட்கிழமை கடலூரில் டாக்டர் அம்மாவின் அறையில் நீ, மாப்பிள்ளை, அம்மா, நான் என்று நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். உன் பயாப்ஸி ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்லி முடித்துவிட்டு அந்த அம்மா பேனாவை எடுத்தார். "குடும்பத்துல வேற யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்திருக்கா? அம்மா வழி, அப்பா வழி, ரெண்டு பக்கமும் யோசிச்சு சொல்லுங்க" என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான், "இல்லைங்க, யாருக்கும் இல்லை" என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அது பொய், பாப்பா. எனக்கு இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் என் இடது பக்க மார்பை அறுத்து எடுத்தார்கள். அந்தத் தழும்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் உனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பதிலைச் சொன்னேன்.

ஆம்பளைக்கு எப்படி என்று நீ கேட்பாய். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆண்களுக்கும் காம்புக்குப் பின்னால் கொஞ்சம் மார்புத் திசு இருக்கிறதாம். அபூர்வம்தான், ஆனால் வரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. எனக்கு வந்ததை முதலில் பார்த்தது நான்கூட இல்லை. ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் கோயிலுக்குப் போய், சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு சன்னிதிக்கு முன்னால் இருக்கிற கனகசபை மேடையில் ஏறிக் கும்பிட்டுவிட்டு வருவேன், உனக்குத் தெரியும். ஒருநாள் இறங்கி வரும்போது என்னோடு வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், ஒரு பக்கம் காம்பு உள்ள போயிருக்கு? அடி கிடி பட்டுச்சா?" என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். காம்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக ஒன்று. அழுத்தினால் நகரவில்லை, வலிக்கவும் இல்லை. வலிக்காததால் அது ஒன்றும் இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அடுத்த பிரதோஷத்திலிருந்து மேலே ஏறாமல் சட்டையோடு கீழேயே நின்று கும்பிட்டேன். முட்டி வலி என்று உங்களிடம் சொன்னது அதற்குத்தான். யாராவது பார்த்துவிட்டுக் கேட்பார்களே என்று பயந்தேனே தவிர, நோயை நினைத்துப் பயப்படவில்லை. நாலு மாதம் அப்படிப் போயிற்று. பனியனில் பொட்டுப் பொட்டாக ரத்தக்கறை வர ஆரம்பித்ததும் துணி துவைக்கும்போது உன் அம்மா பார்த்துவிட்டாள். அவள் பிடித்த பிடியில்தான் புதுச்சேரிக்குப் போனேன்.

அங்கே மேமோகிராம் எடுக்கிற அறைக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் நான் ஒருத்தன். என் பெயரைக் கூப்பிட்ட நர்ஸ் பெண், "பேஷண்ட்ட வரச் சொல்லுங்க ஐயா" என்றது. "நான்தாம்மா பேஷண்ட்" என்றேன். அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா மட்டும், "போய்ட்டு வாங்கண்ணே, கொஞ்ச நேரந்தான்" என்றார். அவருக்குத் தலையில் முடி இல்லை, முந்தானையை இழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்ததற்கு நான் வெட்கப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். அதற்கே உன் அம்மா, "ஊசி குத்துனா பரவிடும்னு சொல்றாங்களே" என்று அழுதாள். அப்படியெல்லாம் பரவாது, ஊசி போட்டுப் பார்க்காவிட்டால்தான் என்ன நோய் என்றே தெரியாமல் அது பாட்டுக்கு வளரும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ரிசல்ட் வந்த அன்று என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். முன்பின் தெரியாத ஊர் என்கிற தைரியத்தில் அங்கே உண்மையைச் சொன்னேன். மங்கலம்பேட்டையில் இருந்த என் அக்கா, உன் பெரிய அத்தை, நீ பிறப்பதற்கு முன்பே மஞ்சள்காமாலையில் போய்விட்டதாகத்தானே உனக்குச் சொல்லியிருக்கிறோம். காமாலை இல்லை. மாரில் புண் வந்து, அதை யாரிடமும் காட்டாமல், மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே இருந்து செத்தாள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல தம்பி, சூட்டுக் கட்டி" என்பாள். அந்த அறையில் வாடை அடிக்கும். நானும் கேட்காமல் காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

இதைக் கேட்டதும் அந்த டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "பொண்ணு இருக்கா உங்களுக்கு?" என்றார். ஒரே பொண்ணு என்றேன். ஆணுக்கு வந்து, கூடப் பிறந்தவளுக்கும் வந்திருந்தால் அது ரத்தத்திலேயே வருகிற மரபணுக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம், பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வழி உண்டு, ரத்தம் கொடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடுங்கள் என்றார். என் ரத்தத்தில் அது இருப்பது தெரிந்தால் உன்னையும் பார்க்கலாம், உனக்கும் இருந்தால் மற்றவர்கள் மாதிரி நாற்பது வயது வரை காத்திருக்காமல் வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்து, வந்தாலும் கடுகாக இருக்கும்போதே பிடித்துவிடலாம் என்றார். "பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்று கிளம்பும்போது ஒரு தடவை, ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை, தையல் பிரிக்கும்போது ஒரு தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், அப்போது உனக்குத் தட்டு மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் காதருகே குனிந்து சொன்னாள். "என்னாங்க, சம்பந்தம் பேசி முடிச்சாச்சு, பத்திரிகை அடிக்கப் போறாங்க. இப்பப் போயி பொண்ணோட அப்பாவுக்குப் புத்துநோயாம், பரம்பரையாம்னு அவுங்க காதுல விழுந்தா யாருங்க கட்டுவாங்க? கல்யாணம் முடியட்டும்." அவள்மேல் பழியைப் போடுவதற்காக இதை எழுதவில்லை. அவள் சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பெண்களுக்கு வருகிற நோய் எனக்கு வந்துவிட்டது என்று ஊரில் சொல்ல எனக்குக் கூச்சம். உன் கல்யாணம் நல்ல சாக்காகக் கிடைத்தது. மரபணு டெஸ்டையும் எடுக்கவில்லை. எடுத்தால் ஒரு காகிதம் வரும், காகிதம் இருந்தால் யாராவது பார்ப்பார்கள். காகிதத்தின் பலம் எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷம் வி.ஏ.ஓ.வாக இருந்தவன். கம்மாபுரத்திலும் ஸ்ரீமுஷ்ணத்திலும் வாரிசுச் சான்று கேட்டு வருகிறவர்களிடம், "யாரையும் விடாம சொல்லுங்க, அப்புறம் தெரிஞ்சா நான் பொறுப்பில்ல" என்று எத்தனை கறாராக விசாரித்திருக்கிறேன். இரண்டாம் தாரத்துப் பிள்ளையை மறைத்த ஒருத்தரை ஆபீஸ் வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். அவர் மறைத்ததில் உயிர் போகிற விஷயம் எதுவும் இல்லை.

நீ அப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாய். குடலிறக்க ஆபரேஷன் என்று போனில் சொன்னேன். சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து, சாத்துக்குடி உரித்துக் கொடுத்தாய். முழுக்கைச் சட்டைக்குள், விலாவில் சொருகிய டியூபோடு படுத்திருந்தேன். "இந்தப் புழுக்கத்துல ஏம்ப்பா போர்வை?" என்று நீ கேட்டதற்கு அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அடுத்து கீமோ. பதினைந்து இருபது நாளில் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே யோசனை தோன்றியது. ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மகள் கல்யாணம் நல்லபடி முடிகிற வரை முடி வளர்ப்பதில்லை என்று பூவராகசாமிக்கு வேண்டுதல் என்று எல்லோரிடமும் சொன்னோம். ஊரில் என்ன மரியாதை தெரியுமா அந்த மொட்டைக்கு. சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார். நீ என் தலையைத் தடவிப் பார்த்து, "எனக்காகவாப்பா?" என்றாய். "உனக்காகத்தான் பாப்பா" என்றேன். கல்யாண ஆல்பத்தில் உன் கையைப் பிடித்துக் கொடுக்கிற படத்தில் நான் மொட்டைத் தலையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் படத்தைத்தான் நீ பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாய். உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

கல்யாணம் முடிந்தது. சொல்லியிருக்கலாம். புதுசாகப் போன வீட்டில் கலகம் வேண்டாம் என்றோம். நீ உண்டானாய். வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கவலை ஆகாது என்றோம். இனியா பிறந்தாள். பச்சை உடம்பு என்றோம். மறைக்கிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் இதுவரை எழுதியதை எல்லாம் நீ மன்னித்தாலும், இனி எழுதப் போவதை மன்னிப்பாயா என்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தைக்குப் பத்து மாதம் இருக்கும்போது நீ போன் பண்ணினாய். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "ஏம்மா, ஒரு பக்கம் பால் கட்டிக்கிட்டு கல்லு மாதிரி இருக்கும்மா. வலியே இல்ல, அதான் ஒண்ணும் புரியல" என்றாய். வலியே இல்லை என்கிற சொல் என் காதில் விழுந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் போனை நோக்கிக் குனிந்து, "ஒத்தடம் குடு, புள்ளைக்கு அந்தப் பக்கத்தையே மொதல்ல குடு, சரியாப் போயிடும்" என்றாள். போனை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நான் பேப்பரை மடித்து வைத்தேன். அதைப் பற்றி நாங்கள் அன்றைக்கும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. பால் கட்டு என்றால் வலிக்கும், சிவக்கும், காய்ச்சல்கூட வரும், நாலு நாளில் வழிக்கு வந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் கரையாத கட்டி எதுவானாலும், பால் கொடுக்கிற தாயானாலும், போய் ஸ்கேன் பார்த்துவிட வேண்டும். இது எனக்குத் தெரியும். இந்த வீட்டில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நாலு மாதம் கழித்து, பாலை நிறுத்தப் போகிறேன், மார் கனத்துக் கிடக்கிறது என்றாய். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று அம்மா சொன்னாள். கீழவீதியில் போய் நெருக்கமாகத் தொடுத்த மல்லியாகப் பார்த்து நான்தான் வாங்கினேன். வாழையிலையில் சுற்றி, வாடிவிடக் கூடாதென்று வழியெல்லாம் தண்ணீர் தெளித்து, மடியில் வைத்துக்கொண்டு அம்மாவோடு கடலூர் பஸ்ஸில் வந்தேன். உள்ளறையில் அம்மா உனக்குக் கட்டிவிட்டாள். நான் கூடத்தில் இனியாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து நீ, "ரெண்டு நாளா அக்குள்ளயும் ஏதோ உருளுதும்மா" என்று சொன்னது கேட்டது. அப்போதாவது எழுந்திருக்க வேண்டும். எழுந்து கதவைத் தட்டி, பூவைப் பிய்த்துப் போடு, கிளம்பு ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது மாப்பிள்ளை. ஒரு பக்கத்தில் தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறதே என்று நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, லீவு போட்டுக் கூட்டிப் போனார். எந்த மனுஷர் கேள்விப்பட்டால் உன்னைக் கட்ட மாட்டார் என்று பயந்தோமோ, அந்த மனுஷர். திங்கட்கிழமை டாக்டர் அறையைவிட்டு வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "மாமா, நீங்க பிரஷர் மாத்திரை போட்டீங்களா? வெயில்ல நிக்காதீங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு நிழலில் போய் நின்றேன்.

இன்று காலையில் அம்மாவிடம் உனக்கு எழுதப் போகிறேன் என்றேன். கையில் இருந்த புடவையை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "எழுதுங்க. பூ வெச்சுக் கட்டுனது நானுன்னும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

இனி உனக்கு நடக்கப் போவதைப் பற்றி. டாக்டர் சொன்னதை அன்று நீ எவ்வளவு காதில் வாங்கினாய் என்று தெரியவில்லை. கட்டி அக்குள் வரை வந்திருக்கிறது, அதைத் தாண்டி ஈரலுக்கோ எலும்புக்கோ போகவில்லை என்று ஸ்கேனில் இருக்கிறது. முதலில் கீமோ கொடுத்துச் சுருக்குவார்கள், பிறகு ஆபரேஷன், பிறகு கரண்ட் வைப்பார்கள், ரேடியேஷன் என்பது அதைத்தான். குணப்படுத்துகிற எண்ணத்தில்தான் இத்தனையும் செய்கிறார்கள் என்பதை மறந்துவிடாதே. கீமோ ஏறும்போது வலிக்காது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் ஆளை அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். வாயில் ஆணியைச் சப்புகிற மாதிரி ஒரு ருசி. எனக்கு மோர்சாதமும் மாவடுவும்தான் இறங்கிற்று. வாயில் புண் வந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளி. காய்ச்சல் அடித்தால் மட்டும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுக்காதே, எந்த வேளையானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. ரத்தத்தில் அணுக்கள் குறைந்திருக்கிற நேரத்தில் சாதாரணக் காய்ச்சலே பெரிய ஆபத்து. முடி போகும், திரும்பவும் வரும். யாரிடமும் வேண்டுதல் என்று சொல்லாதே, கீமோ என்றே சொல். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கை தூக்க வராது. சுவரில் விரலை வைத்து எறும்பு ஏறுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழகச் சொல்வார்கள், வலித்தாலும் விட்டுவிடாதே. அந்தக் கையில் ஊசியோ பிரஷர் பட்டையோ போட வந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடச் சொல், கை வீங்கிவிடும். ஒருநாள் ஒன்றுமே இல்லாததற்கு அழுகை வரும். எனக்கு மீட்டர் ரீடிங் எடுக்க வந்த பையன் "நல்லா இருக்கீங்களாய்யா" என்றதற்கு அழுகை வந்தது. நான் குளியலறையில் போய் அழுதேன். நீ அப்படிச் செய்யாதே, வீட்டுக்கு நடுவில் உட்கார்ந்து அழு.

இதை எழுதியதற்கான முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அன்று டாக்டர், "மரபணு டெஸ்ட் எழுதித் தரேன், ஆனா குடும்பத்துல யாருக்கும் இல்லாததால அப்புறங்கூடப் பாத்துக்கலாம்" என்றார். மாப்பிள்ளை அந்தச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் பார்த்துக்கொள்கிற விஷயம் இல்லை அது. ரத்தத்தில் அந்தக் கோளாறு இருக்கிறதா என்பதைப் பொறுத்து மருந்து மாறலாம், ஆபரேஷனில் எவ்வளவு எடுப்பது, நன்றாக இருக்கிற மார்பை என்ன செய்வது, சினைப்பையை என்ன செய்வது எல்லாமே மாறலாம். நான் சொன்ன ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உன் உடம்பில் கத்தி வைக்கப் போகிறார்கள். நாளைக்கு இனியா வளர்ந்த பிறகு அவளுக்கும் இது வேண்டும். நேற்று புதுச்சேரிக்குப் போய் என் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் வாங்கினேன், டெஸ்டுக்கு ரத்தமும் கொடுத்துவிட்டேன். ரிசல்ட் வரச் சில வாரம் ஆகுமாம். நாலு வருஷம் முன்னால் கொடுத்திருக்க வேண்டிய ரத்தம்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா நாளை மறுநாள் கடலூர் வருகிறாள். இந்தக் கடிதத்தோடு பச்சை நிற ஃபைல் ஒன்றையும் கொண்டு வருவாள். என் பயாப்ஸி, ஆபரேஷன், கீமோ எல்லாம் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் ஒரு தாளில் எழுதி மேலே வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை முதல் கீமோவுக்குப் போகும்போது ஊசி போடுவதற்கு முன்னால் டாக்டர் அம்மா கையில் அதைக் கொடு. எங்கப்பா பொய் சொல்லிட்டார் என்று சொல்லியே கொடு. நான் வந்து சொல்ல வேண்டும் என்றால் ஒரு போன் போதும், முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி வருகிறேன். அந்த அறையில் எல்லோர் முன்னாலும் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொன்னாலும் காட்டுகிறேன். நீ கூப்பிடாவிட்டால் வர மாட்டேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அதில் நியாயம் இருக்கிறது, நான் அதை எதிர்த்து வாதாட மாட்டேன். அப்பா வேண்டாம் என்றால் வேண்டாம், பாப்பா. ஃபைலை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.

உன் அப்பா